தொடர் கருச்சிதைவு: எதிர்ப்பாற்றல் மரபணுக்களுக்கு எவ்வளவு பொறுப்பு?

தந்தையின் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்துத் தாயின் கையில் ஒட்டவைத்தால் இரண்டு வாரங்களுக்குள் அது கறுத்து உதிர்ந்துவிடும். அவளுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அன்னியம் என்று இனங்கண்டு அழித்துவிடும். அதே தந்தையின் மரபணுக்களில் பாதியைச் சுமக்கும் கருவை அதே உடல் ஒன்பது மாதம் வளர்த்தெடுக்கிறது. இந்த முரணை 1953இல் தெளிவான கேள்வியாக முன்வைத்தவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடாவர். தாயின் ரத்தமும் கருவின் ரத்தமும் கலக்காமல் பிரிந்திருக்கலாம், கருவின் திசுக்கள் அன்னியத்தன்மையைக் காட்டும் அளவுக்கு முதிராமல் இருக்கலாம், அல்லது கர்ப்பக் காலத்தில் தாயின் எதிர்ப்பாற்றல் மந்தமாகிவிடலாம் என்று மூன்று விடைகளை அவர் ஊகித்தார். மூன்றுமே முழுமையாக நிற்கவில்லை. பல பிள்ளைகள் பெற்ற பெண்களின் ரத்தத்தில் கணவரின் வெள்ளணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதை 1958இல் ரோஸ் பெய்னும் யான் வான் ரூடும் தனித்தனியே காட்டினார்கள்; அப்படியென்றால் தாயின் உடல் கருவைக் கவனிக்காமல் இல்லை. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஆண் செல்கள் இருந்ததை 1996இல் டயானா பியாங்கியின் குழு கண்டறிந்தது. அப்படியென்றால் இரு உடல்களும் பிரிந்தும் இல்லை.

மெடாவரின் கேள்வியைத் திருப்பிப் போட்டால் மருத்துவத்தின் கேள்வி வந்துவிடுகிறது. பெரும்பாலான பெண்களின் உடல் கருவை ஏற்கிறது என்றால், அடுத்தடுத்துக் கருவை இழக்கும் பெண்களிடம் அந்த ஏற்புதான் தவறுகிறதா? அந்தத் தவறு மரபணுக்களிலேயே எழுதப்பட்டிருக்கிறதா? அரை நூற்றாண்டாக இதற்கு வந்த விடைகள் ஒன்றையொன்று மறுத்தபடியே வந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: எதிர்ப்பாற்றல் மரபணுக்களுக்குப் பங்கு இருக்க நியாயம் உண்டு, ஆனால் அது சிறியதாகவும் சிலவகை இழப்புகளுக்கு மட்டும் பொருந்துவதாகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் பங்கை அளக்க முடியாமல் போனதற்கு முக்கியக் காரணம், பெரும்பாலான ஆய்வுகள் தாயின் மரபணுவைப் பார்த்த அளவுக்கு இழந்த கருவின் நிலையைப் பார்க்காததுதான்.

எண்ணிக்கையில் தொடங்க வேண்டும்

உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் ஏறக்குறைய 15 சதவீதம் கலைந்துவிடுகின்றன. மூன்று முறை கலைந்தால்தான் தொடர் கருச்சிதைவு என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கணக்கிட்டு வந்தார்கள்; ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் இரண்டு முறையே போதும் என்கின்றன. இந்த வேறுபாடு வெறும் வரையறைச் சிக்கல் அல்ல. ஒவ்வொரு முறையும் ஆபத்து 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எந்த நோயும் இல்லாத ஆயிரம் தம்பதிகளில் மூன்று நான்கு பேருக்குத் தற்செயலாகவே மூன்று முறை தொடர்ந்து கலையும். உண்மையில் காணப்படுவதோ ஆயிரத்துக்குப் பத்து. ஆக, மூன்றில் இரண்டு பங்குக்கு ஏதோ ஒரு நிலையான காரணம் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு எந்தக் காரணமும் தேவையில்லை. வயது கூடக்கூடத் தற்செயலின் பங்கும் கூடும். இரண்டு முறை என்று வரையறையைத் தளர்த்தினால் தற்செயலாக இழந்தவர்கள் இன்னும் அதிகமாக உள்ளே வந்துவிடுவார்கள். மரபணு ஆய்வுக்கு இது பெரிய இடர். நோயாளிகள் என்று சேர்க்கப்பட்டவர்களில் கணிசமானோர் நோயாளிகளே இல்லையென்றால், இருக்கும் தொடர்பும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எதிர்ப்பாற்றல் சார்ந்த காரணங்களில் ஒன்று மட்டும் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டுள்ளது: ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுப்பு. தன் உடலின் பாஸ்போலிப்பிட் கொழுப்புகளுக்கும் அவற்றோடு பிணையும் புரதங்களுக்கும் எதிராகவே ஆன்டிபாடிகளை உண்டாக்கும் பெண்களுக்கு ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் கொடுத்தபோது, ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதமாக இருந்த உயிர்ப்பிறப்பு 71 சதவீதமாக உயர்ந்ததை 1997இல் லண்டனில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் இது பெரும்பாலும் பிறவியில் வருவதல்ல, பிற்பாடு வந்து சேர்வது. இதைத் தனியே வைத்துவிட்டு, பிறவி மரபணுக்களின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளைப் பார்ப்போம்.

ஒற்றுமைதான் ஆபத்து என்ற கருத்து

ஆறாம் குரோமோசோமில் ஹெச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. சிறுநீரக மாற்றின்போது பொருத்தம் பார்ப்பது இதைத்தான். உறுப்பு மாற்றில் ஒற்றுமை நல்லது என்றால் கர்ப்பத்திலும் அப்படித்தானே என்று தோன்றும். 1970களில் எழுந்த கருதுகோள் இதற்கு நேர்மாறானது. கணவன் மனைவியின் ஹெச்.எல்.ஏ. வகைகள் மிகவும் ஒத்திருந்தால் தாயின் உடல் கருவை வேறாக உணராது. உணராவிட்டால் கருவைக் காக்கும் தடுப்பு ஆன்டிபாடிகள் உருவாகாது. அவை இல்லாவிட்டால் கரு கலையும். தொடர்ந்து கருவை இழந்த தம்பதிகளிடம் இந்த ஒற்றுமை மிகுதி என்று சில சிறிய ஆய்வுகள் சொன்னதும், சிகிச்சையும் உடனே பிறந்தது. கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகச் செலுத்தினால் உடல் அவரை அடையாளம் கண்டுகொள்ளும் என்பதே அதன் தருக்கம். 1985இல் லண்டனில் ஜேம்ஸ் மௌப்ரேயின் குழு, கணவரின் செல்களைப் பெற்ற 22 பெண்களில் 17 பேருக்கும், தங்கள் செல்களையே பெற்ற 27 பெண்களில் 10 பேருக்கும் கர்ப்பம் நிலைத்ததாக அறிவித்தது. உலகெங்கும் மருத்துவமனைகள் இதைக் கையிலெடுத்தன. இந்தியாவிலும் பல கருத்தரிப்பு மையங்களில் பரவியது.

அந்த எண்களை இன்று கூர்ந்து பார்த்தால், சிகிச்சை பெற்றவர்கள் அசாதாரணமாக வெற்றிபெறவில்லை, ஒப்பீட்டுக் குழுவினர்தான் அசாதாரணமாகத் தோற்றிருக்கிறார்கள் என்பது புலப்படும். காரணம் தெரியாமல் மூன்று முறை கருவை இழந்த பெண்ணுக்கு அடுத்த கர்ப்பம் எந்த மருந்தும் இல்லாமல் நிலைக்கும் வாய்ப்பு 60 முதல் 75 சதவீதம் என்பது பிற்காலத்தில் பல இடங்களில் உறுதியானது. பத்துப் பேருக்கு ஊசி போட்டு ஏழு பேர் குழந்தையோடு திரும்பி வந்தால் எந்த மருத்துவருக்கும் ஊசியின் மீது நம்பிக்கை வரும். ஊசி இல்லாமலும் ஏழு பேர் வந்திருப்பார்கள் என்பது ஒப்பீட்டுக் குழு இல்லாமல் தெரியாது. கேரோல் ஓபர் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1999இல் வெளியான பெரிய ஆய்வு இதைத் தீர்த்துவைத்தது. சேர்ந்தவர்கள் அனைவரையும் கணக்கிட்டபோது கணவரின் செல்களைப் பெற்றவர்களில் 36 சதவீதமும், உப்பு நீர் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதமும் வெற்றி பெற்றார்கள். பலன் இல்லை என்பதோடு தீங்கும் இருக்கலாம் என்ற ஐயமே எழுந்தது. 2002இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது என்று அறிவித்தது. நன்மை காட்டிய சிறு ஆய்வுகள் அதற்குப் பிறகும் வந்தன, லக்னோவிலிருந்தும் ஒன்று வந்தது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து அலசிய காக்ரேன் மதிப்பாய்வு புள்ளியியல் ரீதியான பலன் எதையும் காணவில்லை.

சிகிச்சை தோற்றதால் கருதுகோளும் தோற்றுவிட்டதாகச் சொல்லிவிட முடியாது. ஓபர் தாமே அதற்கு ஆதரவான மிக நேர்த்தியான சான்றையும் திரட்டியவர். தெற்கு டகோட்டாவில் வாழும் ஹட்டரைட் சமூகத்தார் நூறுக்கும் குறைவான மூதாதையரிடமிருந்து பெருகியவர்கள், தங்களுக்குள்ளேயே மணந்துகொள்பவர்கள், கருத்தடையை நாடாதவர்கள். அவர்களுடைய கர்ப்பங்களைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஹெச்.எல்.ஏ. வரிசை (ஒரு பெற்றோரிடமிருந்து ஒன்றாக வரும் மரபணுத் தொகுதி) முழுதும் ஒத்துப்போன தம்பதிகளிடம் கரு இழப்பு கூடியிருந்தது. ஆனால் அந்தத் தம்பதிகள் பிள்ளைப்பேறு அற்றவர்கள் அல்ல. அவர்களில் பலருக்கும் பெரிய குடும்பம் இருந்தது. இழப்பு சற்றுக் கூடியது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதத்தில் நேரடியான பங்கு உண்டு. தாய்மாமனை மணக்கும் பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் ஒரு ஹெச்.எல்.ஏ. வரிசை பொதுவாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அத்தை மகனையோ மாமன் மகனையோ மணந்தால் நான்கில் ஒன்று. ஒற்றுமையே கருச்சிதைவின் பெரிய காரணம் என்றால், தலைமுறை தலைமுறையாக இப்படி மணந்துவந்த குடும்பங்களில் அது பளிச்சென்று தெரிய வேண்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட முடிவுகளில், உறவு மணத்தால் கரு இழப்பு தொடர்ச்சியாகக் கூடியதற்கான சான்று இல்லை. இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. வீடு வீடாகக் கேட்டுத் திரட்டும் தகவலில், நாள் தள்ளிப்போய் ஒரு வாரத்தில் கலைந்த கர்ப்பம் பதிவாகாது. ஹட்டரைட் ஆய்வில் பதிவானது. ஆகவே வேலூர் ஆய்வு கருதுகோளை முற்றாக முறியடிக்கவில்லை. ஆனால் விளைவுக்கு ஓர் உச்ச வரம்பை அது விதிக்கிறது: இருந்தாலும் மிகச் சிறியது. இரு முடிவுகளும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன.

கொல்லிச் செல்களும் தந்தையின் சி2வும்

ஒற்றுமைக் கருதுகோளின் அடிப்படைப் பிழை வேறோர் இடத்தில் வெளிப்பட்டது. தாயின் செல்களோடு நேரில் உரசும், நஞ்சுக்கொடியைச் சேர்ந்த ட்ரோபோபிளாஸ்ட் செல்கள், உறுப்பு மாற்றில் பெரும் சிக்கலை உண்டாக்கும் ஹெச்.எல்.ஏ.-ஏ, பி, டி.ஆர். புரதங்களைத் தங்கள் மேற்பரப்பில் காட்டுவதே இல்லை. அவை காட்டுவது ஜி, ஈ, சி என்ற மூன்றை. முதல் இரண்டும் மனிதர்களிடையே அதிகம் வேறுபடாதவை. சி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். எதிர்ப்புறத்தில் காத்திருப்பவையும் உறுப்பு மாற்றில் சண்டையிடும் டி செல்கள் அல்ல. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கருப்பை உட்சுவரில் இருக்கும் வெள்ளணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இயற்கைக் கொல்லி செல்கள். பெயர் அச்சுறுத்தினாலும் கருப்பையில் இவை கொல்வதில்லை. ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் உள்ளே ஊடுருவி, தாயின் குறுகிய சுருள் தமனிகளை அகன்ற ரத்தக் குழாய்களாக மாற்றியமைக்க உதவுகின்றன.

கேம்பிரிட்ஜின் ஆஷ்லி மோஃபெட்டின் குழு எழுப்பிய கருதுகோள் இங்கிருந்து கிளம்புகிறது. தாயின் கொல்லிச் செல்களில் கே.ஐ.ஆர். என்ற ஏற்பிகள் உண்டு. அவற்றின் மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. கருவின் ஹெச்.எல்.ஏ.-சி புரதம் 80ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலத்தைத் தாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து சி1, சி2 என்று இரு வகைப்படும். சி2வைச் சந்தித்ததும் கொல்லிச் செல்லை அடக்கும் ஏற்பி ஏறத்தாழ எல்லாப் பெண்களிடமும் இருக்கிறது. அதே சி2வைச் சந்தித்ததும் செல்லைத் தூண்டிவிடும் ஏற்பி, கே.ஐ.ஆர். மரபணுக்களின் பி வரிசையைப் பெற்ற பெண்கள் பலரிடம் உண்டு. இரு குரோமோசோம்களிலும் ஏ வரிசையை மட்டுமே பெற்ற பெண்களிடம் இல்லை. ஏ ஏ பெண் ஒருத்தியின் கருவுக்குத் தந்தையிடமிருந்து சி2 வந்தால் கொல்லிச் செல்கள் அடக்கப்பட்டே கிடக்கும், தமனிகள் சரிவர அகலாது, கருவுக்கு ரத்தம் போதாது. 2004இல் இந்த இணைப்பு, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் முன்சூல்வலிப்பு நோயோடும், 2010இல் தொடர் கருச்சிதைவோடும் தொடர்புடையதாக அக்குழு காட்டியது. கணவன் மனைவி ஒற்றுமை இங்கே கேள்வியே இல்லை. தாயின் ஒரு மரபணுவும் தந்தை கொடுத்த மற்றொன்றும் சந்திக்கும் சந்திப்பே ஆபத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கருதுகோள் முந்தையதைவிட வலுவானது. மக்கள்தொகை மரபியல் இதற்குத் துணை நிற்கிறது: ஜப்பானியரிடையே ஏ ஏ பெண்கள் மிக அதிகம், சி2வோ அரிது, மற்ற மக்களிடையேயும் ஒன்று கூடினால் மற்றது குறையும் போக்கு தெரிகிறது. இணை தவறினால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படும் என்றால் இப்படித்தான் அமைய வேண்டும். தூண்டும் ஏற்பியும் சி2வும் சேர்ந்தால் குழந்தையின் எடை கூடுகிறது என்று 2014இல் அதே குழு காட்டியதும், ஒருபுறம் ரத்தம் போதாத கரு, மறுபுறம் பிரசவத்தில் சிக்கும் பெரிய குழந்தை என்ற இரு ஆபத்துகளுக்கு நடுவே பரிணாமம் இரு வகை மரபணுக்களையும் காத்துவந்திருக்கிறது என்ற விளக்கத்துக்கு இடம் தந்தது.

ஆனாலும் இரண்டு தடைகள் தீரவில்லை. முதலாவது உடற்கூறு சார்ந்தது. சுருள் தமனிகளின் வாய்களை ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் தொடக்கத்தில் அடைத்து வைத்திருக்கின்றன. தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாயத் தொடங்குவது பத்து, பன்னிரண்டு வாரங்களில்தான். தொடர் கருச்சிதைவுகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே, ஆறு முதல் பத்து வாரங்களுக்குள் நடந்துவிடுகிறது. ரத்த ஓட்டமே தொடங்காத காலத்து இழப்பை ரத்தப் பற்றாக்குறையால் எப்படி விளக்குவது? முன்சூல்வலிப்புக்கும் பின்மாத இழப்புகளுக்கும் இந்த இயக்கமுறை நன்கு பொருந்துகிறது. தொடக்க மாத இழப்புகளுக்கு அதைப் பொருத்த இன்னொரு விளக்கம் வேண்டும். இரண்டாவது தடை, முடிவுகள் மீண்டும் கிடைக்காதது. லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஃபரிதி, சுரக்ஷா அகர்வால் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து கருவை இழந்த வட இந்தியப் பெண்களிடம் கூடுதலாக இருந்தவை அடக்கும் ஏ வரிசை அல்ல, தூண்டும் மரபணுக்கள். கேம்பிரிட்ஜ் சொன்னதற்கு நேரெதிர். சீனாவிலிருந்தும் தூண்டும் மரபணுக்களையே குற்றம் சாட்டிய ஆய்வு வந்தது. பிரேசிலில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. இந்திய மக்களிடம் பி வரிசை பொதுவாகவே அதிகம் என்பதால் விளைவும் வேறுபடலாம் என்று வாதிடலாம். அதற்கு இடம் உண்டு. ஆனால் ஒரே மரபணு ஓரிடத்தில் காப்பதாகவும் மற்றோரிடத்தில் கெடுப்பதாகவும் தெரியும்போது, ஒவ்வொன்றிலும் சில நூறு பேரே இடம்பெற்ற ஆய்வுகளின் தற்செயல் ஏற்றத்தாழ்வே அதற்குக் காரணம் என்ற எளிய விளக்கத்தைத்தான் முதலில் விலக்கிக் காட்ட வேண்டும்.

அதிகம் மாறாத இரண்டில் ஒன்றான ஹெச்.எல்.ஏ.-ஜியும் நெடுங்காலம் குற்றவாளிக் கூண்டில் நின்றது. அந்த மரபணுவின் கடைசிப் பகுதியில் 14 எழுத்துகள் கூடியிருப்பது தொடர் கருச்சிதைவோடு மிதமாகத் தொடர்புடையது என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஜி புரதத்தின் முழு வடிவத்தை உருவாக்கவே முடியாத பிறழ்வை இரு குரோமோசோம்களிலும் பெற்ற மனிதர்கள் நலமாக வாழ்கிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் கருவாக இருந்து பிழைத்தவர்கள்தானே. அது ஒன்றே, ஜி இன்றியமையாதது என்ற பழைய நம்பிக்கையைத் தளர்த்திவிட்டது.

மகனுக்குப் பின் வரும் இழப்பு

இந்தத் துறையில் எனக்கு மிகவும் உறுதியாகப் படும் சான்று டென்மார்க்கிலிருந்து வருகிறது. முதல் குழந்தை நலமாகப் பிறந்த பிறகு தொடர்ந்து கருவை இழக்கும் பெண்களை ஓலே கிறிஸ்டியன்சென், ஹென்ரியேட்டே ஸ்வாரே நீல்சென் ஆகியோர் ஆராய்ந்தார்கள். அவர்களில் முதல் குழந்தை ஆணாக இருந்தவர்கள் எதிர்பார்ப்பைவிட அதிகம். அடுத்து உயிருள்ள குழந்தை பெறும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவு. ஆண் கருவின் ஒய் குரோமோசோமிலிருந்து வரும் சில புரதத் துணுக்குகள் தாய்க்கு அன்னியம். அவற்றைத் தன் டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் குறிப்பிட்ட ஹெச்.எல்.ஏ. வகைகள் தாயிடம் இருந்தால், முதல் மகனின் கர்ப்பத்திலேயே அவளுடைய எதிர்ப்பாற்றல் பயிற்சி பெற்றுவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். 2009இல் வெளியான முடிவில், அந்த வகைகளைக் கொண்ட, மகனை முதலில் பெற்ற பெண்களிடம் மட்டுமே பின்னைய வாய்ப்பு குறைந்தது. மகளை முதலில் பெற்றவர்களிடம் அதே வகைகள் இருந்தும் குறையவில்லை.

இதன் வலிமை, முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய நுணுக்கமான ஒரு வேறுபாட்டை இது காட்டுவது. ஆய்வில் ஏற்பட்ட ஏதோ ஒரு சாய்வால் மகன், மகள் என்ற பிரிவில் மட்டும் வேறுபாடு தோன்றுவது கடினம். ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் வழிகாட்டி, ஹெச்.எல்.ஏ. சோதனையைப் பொதுவாக ஏற்காதபோதும், மகனைப் பெற்ற பிறகு கருவை இழக்கும் ஸ்காண்டிநேவியப் பெண்களுக்கு மட்டும் விளக்கத்துக்காகவும் முன்கணிப்புக்காகவும் செய்யலாம் என்று விதிவிலக்கு தந்தது. அந்த எல்லைக்கோடு கவனிக்கத்தக்கது. வேறு மக்களிடம் இது போதிய அளவு சோதிக்கப்படவில்லை. சோதித்தாலும் அதைக் கொண்டு செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் நிலைநாட்டப்படவில்லை.

முழு மரபணுத்தொகையைத் துழாவியபோது

குறிப்பிட்ட மரபணுவைச் சந்தேகித்துத் தேடுவதில் ஒரு பலவீனம் உண்டு: தேடுபவர் தாம் நினைத்ததையே காண்பார். அதைத் தவிர்க்க எல்லாக் குரோமோசோம்களையும் ஒருசேரத் துழாவும் ஆய்வுகள் வந்தன. 2020இல் எஸ்டோனியாவின் ட்ரீன் லைஸ்க் தலைமையில் பல மரபினரில் தனித்த கருச்சிதைவுக்கு ஆளான சுமார் 69,000 பெண்களையும், ஐரோப்பிய மரபினரில் தொடர் கருச்சிதைவுக்கு ஆளான சுமார் 750 பெண்களையும் ஆராய்ந்தார்கள். சில இடங்கள் சிக்கின; அவற்றில் ஹெச்.எல்.ஏ. இல்லை. 2024இல் ஐஸ்லாந்தின் டீகோட் நிறுவனம், கரு இழப்போடு தொடர்புடைய ஒரு மாறுபாட்டை சைஸ்2 என்ற மரபணுவில் கண்டது. அது எதிர்ப்பாற்றலைச் சேர்ந்ததல்ல. கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று பிணைந்து துண்டுகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் புரதத்தைச் சேர்ந்தது.

எதிர்ப்பாற்றல் தரப்பின் பதில் வலுவானது. இந்த ஆய்வுகள் தாயின் மரபணுத்தொகையை மட்டுமே பார்த்தன. தாயும் கருவும் சேர்ந்த இணையில் ஆபத்து இருந்தால் இவற்றில் தெரியாது. கே.ஐ.ஆர். பகுதியில் மரபணுக்களின் எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் மாறுவதால் வழக்கமான மரபணுச் சில்லுகள் அதைச் சரியாகப் படிக்காது. தொடர் கருச்சிதைவு என்ற பிரிவில் 750 பேர் என்பதும் மிகச் சிறிய எண். ஆகவே இந்த மௌனம் கே.ஐ.ஆரை விடுவிக்கவில்லை. ஆனால் தாயின் ஹெச்.எல்.ஏ. வகை எதுவாக இருந்தாலும் அது தனியே பெரிய ஆபத்தை உண்டாக்குகிறது என்ற எளிய வடிவம் இத்தனை பெரிய தேடலுக்குத் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. கண்டுபிடிக்கப்பட்ட மரபணு குரோமோசோம் பிரிவதைச் சார்ந்தது என்பதும் வேறொரு திசையைக் காட்டுகிறது.

கலைந்த கருவைக் கேட்காத ஆய்வுகள்

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவை குரோமோசோம் எண்ணிக்கை தவறியவை. அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தாயிடமும் வளர்ந்திருக்க முடியாது. தொடர்ந்து கருவை இழக்கும் பெண்களிடமும் இது பெரும்பங்கு என்பதை நகோயா மாநகரப் பல்கலைக்கழகத்தின் மயூமி சுகியூரா ஒகசவாரா காட்டினார். 2012இல் அவர் வெளியிட்ட ஆய்வில் கருவின் குரோமோசோமையும் சோதித்தபோது 41 சதவீதம் பெண்களின் இழப்புக்கு அதுவே காரணமாகத் தெரிந்தது. எல்லாம் சரியாக இருந்தும் காரணம் புரியாமல் நின்றவர்கள் நான்கில் ஒரு பங்கே. மேலே சொன்ன எதிர்ப்பாற்றல் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையைச் செய்யாமல், மற்றவற்றை விலக்கியபின் எஞ்சிய எல்லாரையும் காரணமறியாதவர்கள் என்று ஒரே குழுவில் சேர்த்தவை. அந்தக் குழுவில் பாதிப் பேரின் இழப்புக்கும் தாயின் எதிர்ப்பாற்றலுக்கும் எந்தத் தொடர்பும் இருந்திருக்காது. லண்டன், லக்னோ, கேம்பிரிட்ஜ் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் காணவில்லை.

சோதனை செய்யப்படாததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. கருப்பையைச் சுத்தம் செய்து எடுக்கும் திசு வழக்கப்படி ஃபார்மலின் நிரப்பிய குப்பிக்குள் போகிறது. அதில் விழுந்த செல்கள் வளர்வதில்லை, குரோமோசோம்களை எண்ண முடியாது. உப்பு நீரில் எடுத்து அனுப்பினாலும், தாயின் கருப்பைச் சுவர்த் திசுவைக் கருவைச் சேர்ந்த நஞ்சுக்கொடி விரலிகளிலிருந்து நுண்ணோக்கியின் கீழ் பிரித்தெடுக்காவிட்டால் ஆய்வகத்தில் வளர்பவை தாயின் செல்களாகவே இருக்கும். அறிக்கையில் 46, எக்ஸ் எக்ஸ் என்று வரும். இயல்பான பெண் கரு என்று படிக்கப்படும். உண்மையில் அது தாயைத்தான் சொல்கிறது. செல் வளர்ப்பு தேவையில்லாத புதிய மரபணுச் சோதனைகளும், தாயின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் இந்தச் சிக்கலை இப்போது பெருமளவு தீர்த்திருக்கின்றன. செலவு அதிகம் என்பதால் நம் மருத்துவமனைகளில் இன்னும் வழக்கமாகவில்லை. எதிர்ப்பாற்றல் சோதனைகளுக்கும் ஊசிகளுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது குறைவே.

ஒகசவாராவின் இன்னொரு கண்டுபிடிப்பு இங்கே முக்கியம். இழப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட, கலைந்த கருக்களில் குரோமோசோம் இயல்பாக இருப்பவற்றின் விகிதமும் கூடுகிறது. இரண்டு முறை இழந்தவரிடம் தற்செயலே பெரும்பாலும் காரணம். ஐந்து முறை இழந்தவரிடம் தாயைச் சார்ந்த ஏதோ ஒன்று இருக்கும் வாய்ப்பு அதிகம். எதிர்ப்பாற்றல் மரபணுக்களைத் தேட வேண்டிய இடம் அந்தச் சிறு குழுதான்.

காத்திருக்க முடியாது என்ற வாதம்

ஆய்வு முடியும்வரை காத்திருக்கச் சொல்வது, ஒவ்வொரு மாதமும் வயது ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியின் வலியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சிகிச்சை இல்லாமலும் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் நிலைக்கிறது என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல், உன் உடல் கருவை ஏற்கவில்லை என்று மட்டும் சொல்வது அவளுக்குச் செய்யும் அநீதி. நம் குடும்பங்களில் பழி ஏற்கெனவே அவள் மீதுதான் விழுகிறது. நிறுவப்படாத ஒரு சோதனை முடிவு அதற்கு அறிவியல் முத்திரை குத்திவிடும். வேறொருவரின் வெள்ளணுக்களைச் செலுத்துவதால் ரத்தவழித் தொற்றும், பிறக்கும் குழந்தையின் தட்டணுக்களைத் தாக்கும் ஆன்டிபாடிகளும் வரக்கூடும் என்பதும் உண்மை.

அதே நேரத்தில் எல்லாவற்றையும் ஒருசேர மறுப்பதும் சரியல்ல. ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்திலிருந்து திரட்டிய ஆன்டிபாடிக் கலவையைச் சிரை வழியே ஏற்றும் சிகிச்சை பல ஆய்வுகளில் தோற்றது. 2015இல் டேனிஷ் ஆய்வு, நான்கு முறையும் அதற்கு மேலும் இழந்தவர்களிடமும் வேறுபாட்டைக் காணவில்லை: 54.8 சதவீதம், 50 சதவீதம். ஆனால் 2022இல் ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, நான்கும் அதற்கு மேலும் இழந்த சுமார் நூறு பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கர்ப்பத்தின் நான்காம் முதல் ஆறாம் வாரத்துக்குள் உயர் அளவில் கொடுத்தபோது உயிர்ப்பிறப்பு 58 சதவீதம். போலி மருந்து பெற்றவர்களில் 35 சதவீதம். மிக முன்னதாகவும் மிகுதியாகவும் கொடுத்ததா, மக்கள் வேறுபாடா, தற்செயலா என்பது தெளிவில்லை. ஐரோப்பிய வழிகாட்டியின் 2022 திருத்தம் இந்தச் சிறு குழுவுக்கு மட்டும் கதவைச் சற்றுத் திறந்து வைத்தது. இழப்புகள் கூடக்கூடத் தாயைச் சார்ந்த காரணமும் கூடும் என்ற ஒகசவாராவின் கணக்கோடு இது பொருந்துகிறது என்பதால், இந்த முடிவை அக்கறையோடு மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதே என் கருத்து. கலந்த குழுவில் உண்மையான பலன் மறைந்துபோகும் என்று எதிர்ப்பாற்றல் தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் முதலில் குழுவைப் பிரித்துக் காட்டக் கோருகிறது. பிரிக்காமலேயே எல்லாருக்கும் ஊசி போட அனுமதிக்கவில்லை.

தீராமல் நிற்பவை

ஹெச்.எல்.ஏ. ஒற்றுமை, பொதுவான காரணமாகத் தன் இடத்தை இழந்துவிட்டது. மகனுக்குப் பிந்தைய இழப்பின் டேனிஷ் விளக்கம், டென்மார்க்குக்கு வெளியே சோதனைக்காகக் காத்திருக்கிறது; தெற்காசியாவின் ஹெச்.எல்.ஏ. வகைகள் வேறுவிதமாகப் பரவியிருப்பதால் இங்கே அதைச் சோதிப்பது பயன் தரும். கே.ஐ.ஆர். இணைதான் உண்மையான வழக்கு. 2018இல் ரோசர் வெண்டோ டோர்மோவின் குழு, முதல் மூன்று மாதத்தில் கருப்பைச் சுவர், நஞ்சுக்கொடி, தாயின் ரத்தம் ஆகியவற்றிலிருந்து எடுத்த சுமார் 70,000 செல்களை ஒவ்வொன்றாகப் படித்து, கருப்பைச் சுவரில் மூன்று வகைக் கொல்லிச் செல்கள் இருப்பதையும், கே.ஐ.ஆர். ஏற்பிகளைக் கூடுதலாகத் தாங்குவது அவற்றில் ஒரு வகை என்பதையும் காட்டியது. சுருள் தமனிகளில் ரத்தம் பாய்வதற்கு முன்பே அந்தச் செல்கள் கருவுக்கு என்ன செய்கின்றன என்பது தெரிந்தால், முதல் வாரங்களின் இழப்பை விளக்க இந்தக் கருதுகோளால் முடியுமா என்பதும் தெரியும்.

அதைத் தீர்க்கும் ஆய்வை வடிவமைப்பது கடினமல்ல. மூன்றும் அதற்கு மேலும் இழந்த பெண்கள், அவர்களின் கணவர்கள், கலைந்த கரு என்ற மூவரின் மரபணுக்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும், கே.ஐ.ஆர். பகுதியை நீள்வாசிப்பு முறையில் முழுமையாகப் படிக்க வேண்டும்; குரோமோசோம் தவறிய கருக்களை ஒரு பக்கமும் இயல்பானவற்றை மறுபக்கமும் வைக்க வேண்டும். குரோமோசோம் தவறிய குழுவே இயற்கையான ஒப்பீட்டுக் குழுவாகிவிடும்: ஒரே வயது, ஒரே மருத்துவமனை, ஒரே துயரம், இழப்புக்கு மட்டும் வேறு காரணம். இயல்பான கருக்களை இழந்த ஏ ஏ தாய்மாரிடம் தந்தைவழி சி2 கூடுதலாகத் தெரிந்தால் கேம்பிரிட்ஜ் கருதுகோள் முதல்முறையாக உறுதியான தளத்தில் நிற்கும். தூண்டும் மரபணுக்கள் கூடுதலாகத் தெரிந்தால் லக்னோ சொன்னதைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். இரு குழுக்களுக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லையென்றால், தொடக்க மாதங்களின் இழப்பைப் பொறுத்தவரை கே.ஐ.ஆர். சோதனையை மருத்துவமனைகளிலிருந்து விலக்கிவிட்டு, முன்சூல்வலிப்பு ஆய்வுக்கு அதை விட்டுவிடலாம்.